ரயிலேறி... படகேறி... கேப்டனோடு ஒரு நாள்!

‘வாராவாரம் எங்கேயாவது ஊர் சுத்திட்டு வந்து எழுது’ன்னு ஆபீஸ்ல சொன்னப்போ, இதைவிட சூப்பரான இன்டர்ன்ஷிப் உலகத்துல உண்டான்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டவன் நான். பேரூர் ஆச்சு, மேட்டுப்பாளையம் மலை ரயில் ஆச்சு, வால்பாறை பஸ் ஆச்சு. இந்த வாரம் எங்கே போறதுன்னு விட்டத்தைப் பார்த்து யோசிச்சிட்டு இருந்தப்போதான் கேப்டன்கிட்ட இருந்து போன்.

“மாப்ள, சனிக்கிழமை ஃப்ரீயா?”

“ஃப்ரீதான். ஏன்டா?”

“கொச்சி போறோம். விடிகாலை ரயில். அங்க போயி நாலு தடவை படகு. ராத்திரி வீடு. எக்செல் ஷீட் அனுப்பிருக்கேன், பாரு!”

கேப்டன் யாருன்னு சொல்லிடறேன். என் செட்டுதான், கம்ப்யூட்டர் சயின்ஸ். எதைக் கேட்டாலும் ‘ரமணா’ விஜயகாந்த் மாதிரி புள்ளிவிவரமா அடுக்குவான். அதனால ஃபர்ஸ்ட் இயர்லயே ‘கேப்டன்’னு பேர் வெச்சாச்சு. ஏழாவது படிக்கும்போது ஒரு விபத்துல முதுகெலும்புல அடி. அப்போதிலிருந்து வீல்சேர். அதைப் பத்தி அவனா பேச மாட்டான். நாங்களும் கேட்க மாட்டோம். ‘பாவம்’னு யாராவது ஆரம்பிச்சா மட்டும், “அண்ணா, எனக்கு ரெண்டு அரியர் இருக்குங். அதுக்கு வேணா பாவப்படுங்க”ன்னு சொல்லி வாயை அடைச்சிடுவான்.

‘ஜாலி டூர்’னுதான் நினைச்சேன். ஷீட்டைத் திறந்தா கடைசி வரியில ஒரு குறிப்பு: ‘வைட்டிலா டு காக்கநாடு - யாரும் சேரைத் தொடக் கூடாது.’

போன் பண்ணிக் கேட்டப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. காக்கநாடு பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில ஆறு மாச இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள வர்றேனா இல்லையான்னு மெயில் பண்ணணும். ஆனா, வீட்டில் அப்பா ஒத்துக்கல. அவர் சோமனூர் பக்கம் தறி ஓட்டறவர். “வெளியூரு வேண்டாஞ்சாமி. ஒத்தையில எப்பிடிப் பொழப்ப? இங்கயே எங்காச்சும் பாரு” என்பதுதான் அவர் பதில். கோபமா சொல்லலை. அதனாலதான் எதிர்த்துப் பேசவும் முடியலையாம்.

“அவரு சொல்றதும் சரியா இருக்கலாம்டா. எனக்கே தெரியாது. போயிப் பாத்தாத்தானே தெரியும்?” என்றான். ஸோ, இது டூர் இல்லை மக்களே... டெஸ்ட்!

ஐம்பது சென்டிமீட்டர்

சனிக்கிழமை விடிகாலை. கோவை ஜங்ஷன். நான், கேப்டன், மெக்கானிக்கல் படிக்கிற எங்க பல்லடத்தான். கேப்டனோட அம்மிச்சி கட்டிக்கொடுத்த புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் என் பையில். கேப்டன் அப்பா பிளாட்பாரம் வரைக்கும் வந்தார். ஒண்ணும் பேசலை. மகனோட சேர் டயரைக் கட்டை விரலால அமுக்கி காத்து இருக்கான்னு பார்த்துட்டு, “பத்தரமா போயிட்டு வாங்க கண்ணுகளா”ன்னு மட்டும் சொன்னார்.

ரயில்ல கடைசியில, கார்டு பெட்டியோட ஒட்டின மாதிரி மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒரு பகுதி இருக்கும். கதவு அகலம், வீல்சேர் தாராளமா நுழையும். துணைக்கு ஒருத்தர் கூடப் போகலாம். டிக்கெட்டிலும் ரெண்டு பேருக்கும் 75 சதவிகிதம் சலுகை உண்டு. எல்லாம் சரி. ஆனா, உள்ளே நுழையறதுக்கு முன்னாடி ஏறணுமே!

கேப்டன் ஆரம்பிச்சான், “பிளாட்பாரம் தண்டவாளத்துல இருந்து 76ல இருந்து 84 சென்டிமீட்டர் உயரம். பெட்டியோட தரை கிட்டத்தட்ட 1 மீட்டர் 30 சென்டிமீட்டர். நடுவுல எவ்ளோ?”

“அரை மீட்டர்” என்றான் பல்லடத்தான்.

“அந்த அரை மீட்டர்தான் நம்ம நாட்டுல என் வரலாறு. சரி, முன் சக்கரத்தைப் பிடி. நீ பின்னாடி. ஒண்ணு, ரெண்டு, மூணு... தூக்கு!”

தூக்கினோம். பக்கத்துல டீ வித்துட்டு இருந்த அண்ணன் கேட்காமலே ஓடி வந்து ஒரு கை கொடுத்தார். ஸ்கோர் ஒண்ணு. ‘தூக்கு’ன்னு ஒரு காலம் போட்டு செல்போன்ல குறிச்சுக்கிட்டான் கேப்டன். அப்பாகிட்ட ராத்திரி காட்டற ரிப்போர்ட்டாம்.

பல்லடத்தான் பக்கத்து ஜெனரல் பெட்டிக்கு ஓடினான். வண்டி கிளம்புச்சு. மதுக்கரை தாண்டினதும் ரெண்டு பக்கமும் காடு. யானைகள் தண்டவாளத்தைக் கடக்கிற ஏரியா இது. இங்கே ரயில்ல அடிபட்டு நிறைய யானைகள் செத்துப்போயிருக்கு. அதனால 2024-ல் கோபுரம் கட்டி, கேமரா வெச்சு, யானை வந்தா ஏஐ மூலமா எச்சரிக்கை போற மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அன்னிக்கு யானை எதுவும் கண்ணுல படல. மயில் மட்டும் ரெண்டு.

வாளையார் தாண்டினதும் ஜன்னல் வழியா ‘ஜில்’னு காத்து. பாலக்காட்டுக் கணவாய்! மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவர்ல இயற்கை விட்டு வெச்ச பெரிய வாசல். கேப்டனுக்கு சொல்லவா வேணும்? “நாம இப்போ போறது ரெண்டாயிரம் வருஷப் பழைய ரூட்டுடா. சேரர்களோட முசிறித் துறைமுகம் கொடுங்கல்லூர் பக்கம் இருந்துச்சு. அங்க இறங்குன ரோமானியச் சரக்கு இந்தக் கணவாய் வழியாத்தான் நம்ம கொங்கு நாட்டுக்கு வந்துச்சு. நொய்யல் கரையில கொடுமணல் இருக்குல்ல? அங்க கல்லுமணி பட்டறையே நடந்திருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் மண்ணைத் தோண்டுனா ரோமானியக் காசு கிடைக்குதே, எப்படி வந்துச்சாம்?”

“மாட்டு வண்டியில வந்திருக்கும்” என்றேன்.

“கரெக்ட். மாட்டு வண்டிக்குப் படி கிடையாது, பாரு!”

ஷொரணூர்ப் பக்கம் பாரதப்புழா பாலத்துல வண்டி கடகடன்னு ஓடுச்சு. நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு கடைசியில போய்ச் சேர்ற ஆறு இதுதான். ஆலுவாவுல பெரியாறு. முல்லைப் பெரியாறு அணையில இருந்து தேனி, மதுரைக்குத் தண்ணி கொடுத்த மிச்சத்தோட இங்கே வந்து அகலமாப் படுத்திருக்கு. நம்ம வீட்டுக் குழாயில வர்ற சிறுவாணித் தண்ணியும் கேரளாவுல இருக்கிற அணையில இருந்துதான் வருது. ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல மலை இருக்கலாம். தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது போல!

சுமார் 200 கிலோமீட்டர். எர்ணாகுளம் ஜங்ஷன்ல இறங்கும்போது ஸ்கோர் ரெண்டு.

ஜீரோ!

ஆட்டோவுல ஏற கேப்டனுக்கு யார் உதவியும் வேணாம். கையை ஊன்றி ஒரே தள்ளு, சீட்டுல இருப்பான். சேரை மடிச்சுப் பின்னாடி வெச்சா முடிஞ்சது. ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ டெர்மினல் போய் இறங்கினோம்.

கொச்சி மெட்ரோ ரயில் 2017-ல் வந்துச்சு. அதுக்குத் தம்பிதான் 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச வாட்டர் மெட்ரோ. சுத்தி இருக்கிற பத்துத் தீவுகளையும் ஊரோட இணைக்கணும். 38 படகுத்துறை, 78 படகுகள். இதுதான் திட்டம். கட்டம் கட்டமா வந்துட்டு இருக்கு. படகு எல்லாம் பேட்டரியில ஓடுது. கொச்சியிலயே இருக்கிற கப்பல் கட்டும் தளத்துல செஞ்சது.

டிக்கெட் 40 ரூபாய். மெட்ரோ மாதிரியே கேட், ஸ்கேனர், ஏசி. அதைத் தாண்டினா தண்ணி மேல மிதக்கிற மேடைக்கு இறங்குற ஒரு சாய்வுப் பாலம். கேப்டன் அங்கேயே பிரேக் போட்டு நின்னுட்டான். பயமோன்னு நினைச்சேன். இல்லை. குனிஞ்சு, படகு விளிம்பும் மேடை விளிம்பும் சேர்ற இடத்தையே பார்த்துட்டு இருந்தான்.

“மாப்ள... ஜீரோடா!”

நான் ட்ரிபிள்-ஈ. எனக்கே அப்போதான் உறைச்சது. கொச்சியில கடல் ஏத்தவற்றத்தால தண்ணி மட்டம் சுமார் ஒரு மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். கல்லுல கட்டின துறையா இருந்தா, படகு காலையில ஒரு உயரத்துல நிக்கும், மத்தியானம் இன்னொரு உயரத்துல நிக்கும். காலைத் தூக்கி வெச்சுத்தான் ஏறணும். இறங்கணும். இங்கே துறையே மிதக்குது. தண்ணி ஏறினா மேடையும் ஏறும், படகும் ஏறும். ரெண்டுக்கும் நடுவுல உயர வித்தியாசம் வராது. கரைக்கும் மேடைக்கும் நடுவுல உள்ள பாலத்தோட சாய்வு மட்டும் கொஞ்சம் கூடும், குறையும். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் இருந்தா வீல்சேர் தானா ஏறலாம்னு கணக்கு. அவ்வளவுதான் டெக்னாலஜி! ஆர்க்கிமிடீஸ் காலத்து விஷயம்.

கேப்டன் சக்கரத்தைத் தள்ளினான். ‘டக்’னு ஒரு சின்ன சத்தம். உள்ளே இருந்தான். யாரும் தூக்கலை. யாரும் ‘பாத்து பாத்து’ன்னு சொல்லலை. முக்கியமா, யாரும் திரும்பியே பார்க்கலை!

படகுக்கு அடியில ரெண்டு உடம்பு. இந்த டிசைனுக்குப் பேர் ‘கேட்டமரான்’. நம்ம ‘கட்டுமரம்’தான் இங்கிலீஷ்ல போய் அந்தப் பேர்ல உட்கார்ந்திருக்கு. ரெண்டு உடம்பு இருக்கிறதால ஆட்டம் கம்மி. ஒரு பக்கம் வல்லார்பாடத்துல கன்டெய்னர் தூக்குற ராட்சச கிரேன்கள். இன்னொரு பக்கம் வெல்லிங்டன் தீவு. 1920-கள், 30-கள்ல ராபர்ட் பிரிஸ்டோங்கிற இன்ஜினீயர் துறைமுகத்தை ஆழப்படுத்தினப்போ, தோண்டின மண்ணைக் கொட்டி உண்டான தீவு இது. ஊர்ல நாம குளத்துல மண்ணைக் கொட்டி பஸ் ஸ்டாண்டு கட்டுவோம். இங்கே மண்ணைக் கொட்டித் தீவே கட்டியிருக்காங்க!

“நம்ம நொய்யல்ல இப்படிப் படகு விட்டா எப்படி இருக்கும்?” என்றான் பல்லடத்தான்.

“முதல்ல தண்ணி விடணும்” என்றான் கேப்டன்.

குடிக்காத தண்ணி

ஃபோர்ட் கொச்சி. கடற்கரை ஓரமா நடைபாதை. சீன வலைகளைப் பார்த்து பல்லடத்தான் சொக்கிப்போய் நின்னுட்டான். நெம்புகோல் மாதிரி பெரிய மரச் சட்டம், ஒரு முனையில வலை, இன்னொரு முனையில கயித்துல கட்டித் தொங்கவிட்ட கல்லுங்க. அவ்ளோ பெரிய வலையைச் சில பேர் சேர்ந்து இழுத்துத் தூக்கிடறாங்க. கொஞ்ச தூரத்துல செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச். வாஸ்கோடகாமா 1524-ல் கொச்சியில இறந்தப்போ முதல்ல புதைச்சது இங்கேதான். சில வருஷம் கழிச்சுத்தான் போர்ச்சுகலுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

ஒரு மரத்தடியில கட்டுச்சோத்தைப் பிரிச்சோம். பக்கத்துத் தள்ளுவண்டியில சுடச்சுட மீன் வறுவல். புளிச்சோறுக்கும் கொச்சி மீனுக்கும் இப்படி ஒரு பொருத்தம்னு அம்மிச்சிக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்க (தெரிய வேணாம், அவங்க சைவம்).

காரம் ஏறி நான் ஒரு பாட்டில் தண்ணியைக் காலி பண்ணிட்டு, கேப்டன் பாட்டிலை எடுத்தேன். சீல்கூட உடையலை! காலையில கோவையில வாங்கினது.

“டேய், இன்னும் குடிக்கவே இல்லையா?”

“ம்ஹூம்.”

“ஏன்டா?”

அவன் கடலைப் பார்த்துட்டே சொன்னான், “வெளிய வந்தா குடிக்க மாட்டேன்டா. குடிச்சா போகணும். போற எடம் எப்படி இருக்கும்னு தெரியாதே...”

மூணு வருஷமா ஒரே காலேஜ். எத்தனை சிம்போசியம், எத்தனை ஐ.வி., எத்தனை சினிமா. எல்லா இடத்துலயும் இவன் தண்ணி குடிக்காமத்தான் எங்களோட சிரிச்சிட்டு இருந்திருக்கான். எனக்குத் தெரியவே இல்லை. சுத்தி எங்கே பார்த்தாலும் தண்ணி. நடுவுல வறண்ட உதட்டோட என் ஃப்ரெண்ட்.

“இன்னிக்கு டெஸ்ட்தானே? இதையும் டெஸ்ட் பண்ணிடுவோம். குடி” என்றான் பல்லடத்தான். மெக்கானிக்கல் மூளை, நேரா விஷயத்துக்கு வரும்.

கேப்டன் கொஞ்ச நேரம் யோசிச்சான். சீலை உடைச்சு அரை பாட்டில் குடிச்சான்.

முக்கால் மணி நேரத்துல ரிசல்ட் வந்தது. நாங்க போன இடத்தோட பேர் வேண்டாம். வாசல்ல நீல போர்டுல வீல்சேர் படம் பளபளன்னு இருந்துச்சு. கதவுல பூட்டு. சாவி யார்கிட்டன்னு கேட்டா அவரைக் கேளு, இவரைக் கேளு. பல்லடத்தான் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட, இருபது நிமிஷம் கழிச்சு சாவி வந்தது. திறந்தா உள்ளே விளக்குமாறு, பெயின்ட் டப்பா, ஒரு உடைஞ்ச நாற்காலி! எல்லாத்தையும் நாங்களே வெளிய எடுத்து வெச்சோம். வெளிய நின்னுட்டு இருந்த அந்த இருபது நிமிஷம் கேப்டன் முகத்துல புள்ளிவிவரமே இல்லை. நெத்தியெல்லாம் வேர்வை.

2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாச்சு. 2011 கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டுல 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். போர்டு மாட்டறது சட்டத்துக்காக. சாவி கையில இருக்கிறதுதான் மனுஷனுக்காக. வெளிய வந்த கேப்டன் செல்போனை எடுத்து, புதுசா ஒரு காலம் போட்டான்: ‘சாவி’.

காருக்காகச் செஞ்சது!

மூடு மாற, அடுத்து ரோ-ரோ. ஃபோர்ட் கொச்சியில இருந்து எதிர்க்கரை வைப்பினுக்கு கார், வேன், ஸ்கூட்டர், ஆள் எல்லாரையும் ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போற பெரிய தட்டை மாதிரி கப்பல். ரோடு வழியா சுத்திட்டுப் போனா எக்கச்சக்க நேரமாகும். இதுல சில நிமிஷம்தான். இதே வழித்தடத்துலதான் 2015 ஆகஸ்ட் 26-ம் தேதி மீன்பிடிப் படகு மோதி பயணிகள் படகு மூழ்கி 11 பேர் இறந்தாங்க. 2018-ல்தான் இந்த ரோ-ரோ வந்துச்சு.

முன்னாடி இருக்கிற இரும்புத் தட்டு அப்படியே கரையில சாஞ்சு படுக்குது. கார் எல்லாம் வரிசையா ஏறுது. ஒரு மீன் வேனுக்குப் பின்னாடி, ஒரு புல்லட்டுக்கு முன்னாடி, கேப்டனும் ஏறினான். ஹாரன் மட்டும்தான் அடிக்கலை!

“கவனிச்சியா? எனக்காக யாரும் இதைச் செய்யல. காருக்காகச் செஞ்சாங்க. ஆனா நானும் ஏறிட்டேன். சக்கரம் இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே வழி. இதுதான்டா எனக்குப் புடிச்சிருக்கு” என்றான்.

யோசிச்சுப் பார்த்தா, அந்தச் சரிவுல பேரப்பிள்ளையை ஸ்ட்ரோலர்ல தள்ளிட்டு ஒரு பாட்டியும் ஏறினாங்க. முட்டி வலியோட ஒரு தாத்தாவும் ஏறினார். கேஸ் சிலிண்டர் உருட்டிட்டு ஒரு அண்ணனும் ஏறினார். வைப்பின்ல இருந்து மறுபடி வாட்டர் மெட்ரோ, 20 ரூபாய், ஹைகோர்ட்.

யாரும் தொடக் கூடாது

இப்போதான் மெயின் பிக்சர். மெட்ரோ ரயில்ல வைட்டிலா போய் இறங்கினோம். மெட்ரோ பெட்டித் தரையும் பிளாட்பாரமும் ஒரே மட்டம். லிஃப்ட் உண்டு. பக்கத்துலயே பஸ் ஹப், பக்கத்துலயே படகுத்துறை.

“இங்க இருந்து நீங்க யாரோ, நான் யாரோ” என்றான் கேப்டன். அவனை முன்னாடி விட்டு நாங்க பத்தடி தள்ளி வந்தோம், சினிமாவுல மஃப்டி போலீஸ் வர்ற மாதிரி.

கவுன்டர்ல அவனே டிக்கெட் எடுத்தான். 30 ரூபாய். கேட் திறந்துச்சு. சாய்வுப் பாலத்துல சக்கரம் கொஞ்சம் வேகம் எடுத்துச்சு. என் கை தானா முன்னாடி போயிடுச்சு. பல்லடத்தான் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். கேப்டன் ரெண்டு உள்ளங்கையாலும் சக்கரத்தை அமுக்கி, நிதானமா இறங்கினான். ஊழியர் ஒருத்தர் உதவிக்கு வந்தார். “வேண்டா சேட்டா, ஞான் போய்க்கோளாம்!” யூடியூப்ல கத்துக்கிட்ட மலையாளம். அவர் சிரிச்சுட்டு ஒதுங்கினார். மேடை... விளிம்பு... ‘டக்’. உள்ளே!

ஜன்னல் ஓரமா சேரை நிறுத்தி, பிரேக் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டான். நாங்க கடைசி வரிசை. இது காலையில பார்த்த துறைமுகம் மாதிரி அகலம் இல்லை. அமைதியான ஆறு. ரெண்டு பக்கமும் தென்னை, கரையை ஒட்டின வீடுகள், துணி துவைக்கிற அம்மா, குச்சி மேல ஒத்தைக் கால்ல நிக்கிற நீர்க்காகம். லேப்டாப் பையோட ஒரு அக்கா அவன் பக்கத்துல உட்கார்ந்து ஏதோ கேட்டாங்க, அவன் ஏதோ சொன்னான், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. இருபது நிமிஷத்துக்கு மேல போச்சு. அவன் ஒரு தடவைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கலை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்சம்... சொன்னா சிரிக்காதீங்க, பொறாமையா இருந்துச்சு. இத்தனை வருஷமா அவன் சேரைத் தள்ளினது அவனுக்காகன்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுல எனக்கும் ஒரு பெருமை இருந்திருக்கு போல.

காக்கநாடு துறையில இறங்கினதும் கேட்டேன், “அந்த அக்கா என்ன சொன்னாங்க?”

“தினமும் ஆபீஸுக்கு இதுலதான் வர்றாங்களாம். ரோட்டுல டிராஃபிக்ல நிக்கறதுக்கு இது நிம்மதின்னாங்க. இங்க இருந்து ஆபீஸ் வரைக்கும் ஆட்டோ புடிக்கணும், அதுதான் செலவு, மாசக் கணக்கு போட்டுக்கோன்னாங்க.” ஆட்டோ ஸ்டாண்டுல போய் அவனே ரேட் விசாரிச்சு, செல்போன்ல குறிச்சுக்கிட்டான். கம்பெனி வாசல் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு வந்தோம். வாசல்ல சரிவுப் பாதை இருந்துச்சு. சனிக்கிழமைங்கிறதால உள்ளே போக முடியலை.

அப்பாவோட கேள்வி

திரும்பி வரும்போது ரயில்ல நல்ல கூட்டம். ஏத்த மூணு பேர், கோவையில இறக்க மூணு பேர். மொத்த ஸ்கோர் நாலு. பாலக்காடு தாண்டும்போது கேப்டன் சீரியஸா சொன்னான், “ரயிலும் அந்த அரை மீட்டரைக் குறைச்சிட்டா, உங்களை எல்லாம் டிஸ்மிஸ் பண்ணிடுவேன்டா.” அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, “சும்மா சொன்னேன். டூர்க்குக் கூப்பிடுவேன்” என்றான்.

ராத்திரி கோவை ஸ்டேஷன் வாசல்ல அவங்கப்பா ஆம்னி வேனோட நின்னுட்டு இருந்தார். எப்போ வந்தாரோ, ரொம்ப நேரமா நிக்கற மாதிரி இருந்துச்சு. முதல் கேள்வியே, “எத்தனை தடவ தூக்குனாங்க சாமி?”

“ரயிலுக்கு நாலு தடவைங்ப்பா.”

“படகுக்கு?”

“ஒருத்தருமே தொடலீங்ப்பா.”

அவர் நம்பலை. எங்க முகத்தைப் பார்த்தார். “ஆமாங் மாமா. நாங்க பத்தடி தள்ளித்தான் போனோம்” என்றேன். நாங்க எடுத்த வீடியோவைக் காட்டினோம். சாய்வுப் பாலத்துல கேப்டன் இறங்கற சீனை ரெண்டு தடவை பார்த்தார். சக்கரம் வேகம் எடுக்கற இடத்துல அவர் கையும் முன்னாடி வந்துச்சு, என் கை மாதிரியே.

ஒண்ணும் பேசலை. சேரை மடிச்சு வேன்ல வெச்சார். கதவைச் சாத்தினார். டிரைவர் சீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டவர், வண்டியை எடுக்காம திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“தங்கற எடத்துல பாத்ரூமு எப்பிடின்னு கேட்டயா?”

கேப்டன் என்னைப் பார்த்தான். நான் பல்லடத்தானைப் பார்த்தேன். ‘வேண்டாம்’னு சொல்றவர் கேக்கற கேள்வியா இது?

“கேக்கறனுங்ப்பா” என்றான் கேப்டன்.

திங்கட்கிழமை மெயில் போயிடுச்சு. ‘வருகிறேன்’ என்று ஒரு வரி. கீழே மூணு கேள்வி: தங்குமிடத்துல பாத்ரூம் கதவோட அகலம் என்ன? ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை எந்த மாடியில? அதோட சாவி யார்கிட்ட இருக்கும்?

இதை எழுதும்போது வரைக்கும் பதில் வரலை. வந்ததும் இந்தப் பக்கத்துலயே சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ்!

நீங்களும் போகணுமா?

விடிகாலை ரயிலைப் பிடிச்சா ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம். ஹைகோர்ட் - ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோ, ஃபோர்ட் கொச்சி - வைப்பின் ரோ-ரோ, வைப்பின் - ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ, அப்புறம் மெட்ரோ ரயில்ல வைட்டிலா, அங்கிருந்து காக்கநாடு படகு, அதே வழியில ரிட்டர்ன். நாங்க வாட்டர் மெட்ரோவுக்குக் கொடுத்தது ஆளுக்கு 120 ரூபாய்தான். வெயில் தாங்காது, தொப்பி அவசியம். கட்டுச்சோறு இருந்தா பர்ஸ் தப்பிக்கும்.

முக்கியமா ஒண்ணு. உங்க கேங்ல ஒரு கேப்டன் இருந்தா, அவன் பாட்டில் சீல் உடைஞ்சிருக்கான்னு ஒரு தடவை பாருங்க!